மலைச் சரிவின் மருந்துக் கூர்க்கன்

உங்கள் வீட்டுத் துளசியின் இளந்தண்டு ஒன்றை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். குழாயைப்போல் அது வழுக்கிக்கொண்டு உருளாது. நான்கு விளிம்புகள் விரலில் தட்டுப்படும். தும்பைச் செடியிலும் புதினாவிலும் இதையே காணலாம். சதுரத் தண்டு, ஒன்றுக்கொன்று எதிரெதிராக அமைந்த இலைகள், கசக்கினால் எழும் மணம், மேலும் கீழும் இரண்டு உதடுகள் போலப் பிரிந்த சிறு பூ – இவை ஒரு பெருங்குடும்பத்தின் அடையாளங்கள். தாவரவியலார் இதனைப் புதினாக் குடும்பம் என்கின்றனர். துளசியும் தும்பையும், கற்பூரவள்ளியும் திருநீற்றுப் பச்சிலையும், பொங்கல் சமயத்தில் தென்மாவட்டச் சந்தைகளுக்கு வரும் சிறுகிழங்கும் இக்குடும்பத்து உறவினர்களே.

இந்த உறவினர்களுள் ஒருவரைத்தான் இக்கட்டுரையில் சந்திக்கப் போகிறோம். வீட்டு முற்றத்தைவிட மலைச்சரிவையே விரும்பும் காட்டுச்செடி இது. பெயர் மருந்துக் கூர்க்கன். இதனை வளர்ப்பது மிக எளிது. ஆனால் இதனை இழப்பதும் எளிது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் நாம் ஆராய வேண்டிய கேள்வி.

வெயில் விரும்பும் செடி

கோடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே, படிப்படியாக வெட்டிய வயல்களுடன் மலைப்பூண்டுக்குப் பெயர்பெற்ற வில்பட்டி அமைந்துள்ளது. பழனி மலையின் பாறை கலந்த வெயில் சரிவுகள் மருந்துக் கூர்க்கன் போன்ற செடிகளுக்கு ஏற்றவை. இந்தியாவில் இமயமலை அடிவாரம் முதல் தக்காணத்து மலைகள் வரை, ஏறத்தாழ 600 மீட்டரிலிருந்து 2,300 மீட்டர் உயரம் வரை இச்செடி காணப்படுகிறது. அடர்ந்த நிழல் இதற்கு ஆகாது. நீர் தேங்கும் மண்ணும் ஆகாது.

செடி முழங்கால் உயரம் வளரும். இலைகள் தடித்து, மெல்லிய மயிர் போர்த்து, கற்பூரவள்ளியை நினைவூட்டும். தண்டின் நுனியில் நீலங்கலந்த ஊதாப் பூக்கள் அடுக்கடுக்காக மலரும். மண்ணுக்குக் கீழே விரல் பருமனில் வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும். கோடையில் மேற்பகுதி காய்ந்து போனாலும் இந்த வேர்க்கொத்தும் அடித்தண்டும் உயிரோடிருந்து, மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும். பல்லாண்டுத் தாவரம் என்று சொல்வது இதனால்தான். அந்த வேர், செடியின் சேமிப்புக் கிடங்கு.

இதன் அறிவியல் பெயர் கோலியஸ் பார்பேட்டஸ். 'கோலியஸ்' என்பது உறை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பூவைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மகரந்தத் தாள்களின் அடிப்பகுதிகள் ஒன்றாக இணைந்து, சூல்தண்டைச் சுற்றி ஓர் உறைபோல் அமைந்திருக்கின்றன. பூவின் கீழுதடு ஒரு சிறு படகு. மகரந்தத் தாள்கள் அந்தப் படகுக்குள் படுத்திருக்கும். தேனீ வந்து படகின்மேல் அமர்ந்தால், அதன் எடையால் படகு கீழே தாழும். உள்ளே கிடந்த தாள்கள் வெளிப்பட்டுத் தேனீயின் வயிற்றில் மகரந்தத்தைப் பூசிவிடும். நெம்புகோலை நாம் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே செடிகள் அதற்கு நிகரான ஏற்பாட்டைச் செய்துவிட்டன!

கோலியஸ் ஃபார்ஸ்கோலி என்ற பெயரையும் பல நூல்களில் காணலாம். லின்னேயஸின் மாணவரான பீட்டர் ஃபோர்ஸ்கால் என்னும் இயற்கை ஆய்வாளரின் நினைவாக வந்த பெயர் அது. அரேபியாவின் தாவரங்களை ஆராயச் சென்ற குழுவில் இடம்பெற்ற அவர், 1763-ல் ஏமன் நாட்டில் மலேரியாவால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 31.

தண்டு ஏன் சதுரம்?

காற்றில் ஆடும் தண்டு வளைவை எதிர்க்க வேண்டும். ஒரே பொருளை, ஒரே குறுக்குப் பரப்புடன், ஒரு முறை உருண்டையாகவும் மறுமுறை சதுரமாகவும் வார்த்தால் எது எளிதில் வளையாது? கணக்கிட்டுப் பார்த்தால் சதுரக் கம்பி ஏறத்தாழ 5 சதவீதம் அதிக விறைப்புடையது. வளைவின்போது கம்பியின் மையத்தில் உள்ள பொருளுக்கு வேலை குறைவு. மையத்திலிருந்து விலகியிருக்கும் பொருளே அதிகம் பாடுபடுகிறது.

செடி இந்த 5 சதவீதத்தோடு நின்றுவிடவில்லை. தண்டின் நான்கு மூலைகளிலும் கோலென்கைமா என்ற உறுதியான திசுவைக் கற்றையாக வைத்திருக்கிறது. உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கும் கோபுரத்தைப் பாருங்கள். அதிலும் நான்கு மூலைகளில்தான் தடித்த இரும்புக் கால்கள் நிற்கும், நடுவே வெற்றிடம். குறைந்த பொருளில் நிறைந்த உறுதி என்பதே இரண்டிலும் உள்ள தத்துவம்.

வேரில் கிடைத்த புதையல்

குஜராத்தில் இதன் வேரைக் 'கர்மர்' என்று சொல்லி ஊறுகாய் போடுகிறார்கள். ஊறுகாய்ப் பானையிலிருந்து இச்செடி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது 1970களில். இந்தியத் தாவரங்களை வரிசையாகச் சோதித்து மருந்துப்பொருள் தேடும் பணி அப்போது இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று, பம்பாயிலிருந்த ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம். இரு குழுக்களும் தனித்தனியே இந்த வேரிலிருந்து, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தன. லக்னோவில் அதற்குக் கோலியனால் என்றும், பம்பாயில் ஃபார்ஸ்கோலின் என்றும் பெயரிட்டனர். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இப்பொருள் உடலில் என்ன செய்கிறது? வீட்டு அழைப்புமணியை எண்ணிக்கொள்ளுங்கள். வந்தவர் வாசலில் பொத்தானை அழுத்துகிறார், உள்ளே மணி ஒலிக்கிறது. அவர் வீட்டுக்குள் நுழையவில்லை. செய்தி மட்டும் நுழைகிறது. நம் உடலின் செல்லும் அப்படித்தான். அட்ரினலின் போன்ற ஹார்மோன் செல்லின் வெளிப்புறத்திலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. உடனே சவ்வில் உள்ள அடினிலேட் சைக்ளேஸ் என்னும் நொதி வேலை செய்யத் தொடங்கி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளை உண்டாக்குகிறது. செல்லுக்குள் ஒலிக்கும் மணி இதுவே. இந்தச் செய்திமுறையைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஃபார்ஸ்கோலினின் விந்தை இதில்தான் இருக்கிறது. அது பொத்தானைத் தொடுவதே இல்லை! நேராக நொதியைப் பற்றி மணியை ஒலிக்கச் செய்துவிடுகிறது. கென்னத் சீமன், ஜான் டாலி ஆகியோர் அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கழகங்களில் நடத்திய ஆய்வால் 1981-ல் இது வெளிவந்தது. பொத்தானில் பழுதா, மணியில் பழுதா என்று பிரித்தறிய இப்படியொரு பொருள் எவ்வளவு பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். உலகெங்கும் செல் ஆய்வுக்கூடங்களில் ஃபார்ஸ்கோலின் அன்றாடக் கருவியாயிற்று. இதிலிருந்து உருவாக்கிய, நீரில் கரையும் ஒரு பொருளை ஜப்பானில் இதய நோய்க்கு மருந்தாகவும் பயன்படுத்தினர்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இரத்த அழுத்தத்தை மாற்றவல்ல பொருள் இது. மருத்துவர் சொல்லாமல் வேரையோ அதன் பொடியையோ உண்ணக்கூடாது.

வேரை எடுத்தால் செடி ஏது?

இலையில் மருந்திருந்தால் பறித்த பின்னும் செடி தழைக்கும். பழத்தில் இருந்தால் பறித்த பின்னும் மரம் நிற்கும். மருந்துக் கூர்க்கனில் மருந்து இருப்பது முக்கியமாக வேரில். வேரைத் தோண்டினால் செடியின் கதை முடிந்தது.

எத்தனை செடிகள் வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். எருவிட்டு வளர்த்த நல்ல செடி ஏறத்தாழ 400 கிராம் பச்சை வேர் தரும். உலர்த்தினால் 50 கிராம் மிஞ்சும். அதில் ஃபார்ஸ்கோலின் அரை சதவீதம் என்றால் கால் கிராம்தான். ஒரு கிலோகிராம் பெற 4,000 செடிகள் வேண்டும். வேரில் அது 0.1 சதவீதமே இருந்தால் 20,000 செடிகள்! காட்டில் பாறையிடுக்கில் வளரும் செடியின் வேர் இன்னும் சிறியது. தேவை பெருகியபோது காட்டுச்செடிகளைத் தோண்டியே வேர் சேர்த்தனர். பல இடங்களில் செடி அரிதாகிவிட்டது என்று தாவரவியலார் கவலை தெரிவித்தனர். உண்ணிச்செடி போன்ற அயல்நாட்டுப் புதர்கள் சரிவுகளை மூடுவதும் வெயில் விரும்பும் இச்செடிக்கு இடையூறு.

அதற்கு விடையாக வந்ததே சாகுபடி. தமிழ்நாட்டில் சேலம் முதலிய மாவட்டங்களில் உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட்டு நடுவார்கள். அப்படியானால் ஒரு ஹெக்டேரில் எத்தனை செடிகள்? ஏறத்தாழ 37,000. ஆறு மாதத்தில் 15 முதல் 20 டன் பச்சை வேர் கிடைக்கிறது. காட்டைத் தொடாமலே மருந்துக்கு வேண்டிய வேர் கிடைத்துவிடுகிறது.

வாடிய துண்டுகள் கற்பித்த பாடம்

வளர்க்கும் முறை எளிது. நோயற்ற செடியின் நுனித்தண்டிலிருந்து 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளை, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்ட வேண்டும். அடிக்கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் வேர் பிடித்த நாற்று கிடைக்கும். பிறகு நல்ல வெயிலில், நீர் வடியும் மண்ணில் நடலாம்.

எளிது என்றேன். ஆனால் என் முதல் முயற்சி தோற்றது. வில்பட்டியில் ஒரு பெரியவர் தம் வயல் வரப்பில் வளர்த்திருந்த செடியிலிருந்து பத்துத் துண்டுகள் வெட்டிக் கொடுத்தார். அவற்றை அப்படியே சமவெளிக்குக் கொண்டுவந்து ஊன்றினேன். மூன்றாம் நாள் எட்டுத் துண்டுகள் தலை சாய்ந்துவிட்டன. அடுத்த முறை போனபோது அவரிடம் சொன்னேன்.

"இலையெல்லாம் அப்படியே விட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம், இலை இருந்தால்தானே உணவு தயாரிக்கும்?"

"அது சரிதான். ஆனா குடிக்கிறதுக்கு வேர் இல்லையே! பாதி இலையைக் கிள்ளிட்டு, மேலே மூடிவைங்க."

அவர் அனுபவத்தில் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து கணக்கில் பார்த்தேன். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியில் 39.6 கிராம் வரை தாங்கும். இரண்டு இடத்திலும் ஈரப்பதம் 60 சதவீதம் என்றே கொள்வோம். மலைக்காற்று இன்னும் 6.9 கிராம் நீராவிக்கு இடம் வைத்திருக்கிறது. சமவெளிக் காற்றோ 15.8 கிராமுக்கு இடம் வைத்திருக்கிறது. ஈரப்பத அளவு ஒன்றாகவே இருந்தாலும், சமவெளிக் காற்றின் தாகம் இரண்டு மடங்குக்கும் மேல்! வேரில்லாத துண்டால் அந்தத் தாகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. இலைப்பரப்பைக் குறைத்தால் நீரிழப்பு குறைகிறது. பாலிதீன் உறையால் மூடினால் உள்ளிருக்கும் காற்று விரைவில் ஈரத்தால் நிறைந்து, மேலும் நீரை இழுப்பதை நிறுத்திவிடுகிறது. இரண்டாம் முறை பத்தில் ஒன்பது துண்டுகள் வேர் விட்டன.

நகல்களின் ஆபத்து

துண்டிலிருந்து வளர்ந்த செடி தாய்ச்செடியின் அச்சு அசலான நகல். விதை என்றால் அப்படியில்லை. ஒரு பூவிலிருந்து கிடைக்கும் நான்கு சிறு விதைகளும் நான்கு புதிய சேர்க்கைகள். விதை நுண்ணியது. அதிலிருந்து செடி எழ நாளாகும், எல்லாம் ஒரே சீராகவும் வளரா. ஆகவே உழவர்கள் துண்டையே விரும்புகிறார்கள். நிறைய மருந்துள்ள ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதன் நகல்களால் வயலை நிரப்புவதில் தவறில்லை. மலைப்பூண்டின் பற்களை நடும் வில்பட்டி உழவர் செய்வதும் நகலெடுப்பதுதான்.

ஆபத்து எங்கே வருகிறது என்பதைப் பழனி மலையே நமக்குக் காட்டியிருக்கிறது. கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழை பெயர்பெற்றது. வாழையையும் விதையால் வளர்ப்பதில்லை, பக்கக்கன்றால்தான் பெருக்குகிறோம். 1970களில் முடிக்கொத்து நோய் மலைத்தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. இந்த வைரஸை அசுவினிப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்பியது. நோயுற்ற தாயின் கன்றை நட்டபோது நோயும் கூடவே புதிய தோட்டத்துக்குச் சென்றது. எல்லாம் ஒரே வகை என்பதால் தாங்கி நிற்கும் மரம் இல்லை. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கித்தான் அவ்வாழையை மீட்க வேண்டியிருந்தது.

மருந்துக் கூர்க்கன் வயலிலும் வேர்முடிச்சு நூற்புழுவும் பாக்டீரியா வாடல் நோயும் தொல்லை தருகின்றன. ஒரு நகலால் தாங்க முடியாத நோயை அடுத்த நகலாலும் தாங்க முடியாது. தாங்கும் செடியை எங்கே தேடுவது? பல தலைமுறைகளாக விதையிலிருந்து முளைத்து, வறட்சியிலும் நோயிலும் பிழைத்து நிற்கும் காட்டுச்செடிகளிடம்தான். வேரிலுள்ள ஃபார்ஸ்கோலினின் அளவும் இடத்துக்கு இடம், செடிக்குச் செடி பல மடங்கு வேறுபடுகிறது. வயலிலுள்ள சிறந்த செடியும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு சரிவில் தானாக முளைத்த செடியின் வழிவந்ததே.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். வேர் பருக்க வேண்டும் என்பதற்காக, சாகுபடியில் பூங்கொத்துகளைத் தோன்றியவுடன் கிள்ளிவிடுகிறார்கள். உழவரைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் பூ இல்லை என்றால் தேனீ இல்லை. தேனீ இல்லை என்றால் விதை இல்லை, புதிய சேர்க்கையும் இல்லை. 37,000 செடிகள் நிற்கும் வயலில் பரம்பரைப் பண்பைக் கணக்கெடுத்தால் ஒரே ஒரு செடிதான் இருக்கிறது! தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. செடிகள் கோடிக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கும்போதே இனத்தின் செல்வத்தை நாம் இழந்துகொண்டிருக்க முடியும். வயல் காட்டின் சுமையைக் குறைக்கும். ஆனால் காட்டின் இடத்தை அது பிடிக்க முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது

காட்டுக்குச் சென்று செடியைப் பிடுங்கி வராதீர்கள். பழனி மலையின் ஒரு பகுதி 2013-ல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எதையும் எடுத்தல் கூடாது. பயிரிடும் உழவரிடமோ நாற்றுப் பண்ணையிலோ துண்டுகள் பெறலாம். கிடைக்காவிட்டால் அதன் உறவான கற்பூரவள்ளியைக் கொண்டே சோதனையைச் செய்யலாம்.

ஒரே அளவுள்ள 20 துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை இலைகளுடன் திறந்தும், ஐந்தை இலைகளுடன் மூடியும், ஐந்தைப் பாதி இலை கிள்ளித் திறந்தும், ஐந்தைப் பாதி இலை கிள்ளி மூடியும் வையுங்கள். மண், நீர், இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் வெப்பநிலையையும் வாடிய துண்டுகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். கற்பூரவள்ளியின் இலை நீரைச் சேமித்து வைப்பதால் வேறுபாடு தெரியச் சில நாள் கூடுதலாகலாம். மூன்று வாரம் கழித்து மண்ணைக் கழுவி வேர்களை எண்ணுங்கள். எது முக்கியம், இலையைக் குறைப்பதா, மூடுவதா? விடையை உங்கள் குறிப்பேடே சொல்லும்.

மருந்துக் கூர்க்கன் கிடைத்து, பள்ளித் தோட்டத்தில் அது வளர்ந்துவிட்டால் இரண்டு செடிகளின் பூவை மட்டும் கிள்ளாமல் விட்டுவையுங்கள். அவை வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவையாக இருந்தால் இன்னும் நல்லது. ஊதாப் பூவின் படகில் தேனீ இறங்கும்போது படகு எப்படித் தாழ்கிறது என்று அருகிலிருந்து பாருங்கள். பூ உதிர்ந்ததும் புல்லிவட்டத்தின் அடியில் நான்கு சிறு விதைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவற்றை ஊன்றி முளைக்கும் செடிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் காண்பீர்கள்.